ஒரே ஒரு தொகுதியின் தேர்தல் முடிவை முன்கணிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

நாடு முழுவதற்கும் கணிக்கும்போது ஒரு தொகுதியில் கூட்டிச் சொன்னதும் மற்றொன்றில் குறைத்துச் சொன்னதும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஒரே தொகுதியைக் கணிக்கும்போது அந்த வசதி இல்லை; செய்த பிழை முழுவதும் முடிவில் அப்படியே வந்து நிற்கும். ஆகவே இங்கே சூத்திரங்களைவிட எந்த வேலையை எதற்கு முன்னால் செய்கிறோம் என்பதே முக்கியம். புதிதாகக் கணிக்க வருபவர்களுடன் அமர்ந்து வேலை செய்தபோது நான் கண்டவரை, பெரும்பாலான பிழைகள் கணக்குத் தெரியாமையால் வருவதில்லை, வரிசை மாறிப்போவதால் வருகின்றன. அதிக வாக்குப் பெற்ற ஒருவரே வெல்லும் முறையில் நடக்கும் தேர்தல்களுக்கு இந்த வழிகாட்டி பொருந்தும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குறைந்தது கடந்த மூன்று தேர்தல்களில் அந்தத் தொகுதியில் ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்குகள், மொத்த வாக்காளர் எண்ணிக்கை, பதிவான வாக்குகள் ஆகியவை வேண்டும். வாக்குச்சாவடி வாரியான எண்கள் கிடைத்தால் அவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் அவை படிவம் 20 என்ற பெயரில் கிடைக்கின்றன. பிரிட்டனில் நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகள் தொகுதி அளவில் மட்டுமே அறிவிக்கப்படுவதால், உட்பகுதிகளை அறிய உள்ளாட்சித் தேர்தலின் வார்டு முடிவுகளையே நாட வேண்டியிருக்கும்.

இரண்டாவதாக, தொகுதி அடங்கியுள்ள வட்டாரம் அல்லது மாநிலம் முழுவதற்குமான பழைய முடிவுகளும் இப்போதைய கருத்துக்கணிப்புகளும் வேண்டும். மூன்றாவதாக, ஒத்த தன்மையுள்ள பதினைந்து இருபது தொகுதிகளின் பழைய முடிவுகளைச் சேர்த்து வையுங்கள். இந்த மூன்றாவது பட்டியலைப் பலரும் தேவையற்றது என்று விட்டுவிடுகிறார்கள்; எட்டாம் படிக்கு வரும்போதுதான் அது இல்லாமல் தடுமாறுகிறார்கள்.

ஓர் எக்செல் தாள் போதும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனி வரிசை ஒதுக்கி, அருகிலேயே காரணத்தையும் தேதியையும் எழுதுங்கள். ஒரே கட்டத்தில் மூன்று திருத்தங்களைச் சேர்த்து எழுதினால், பிறகு எது தவறியது என்று கண்டுபிடிக்க முடியாது.

2. எதைக் கணிக்கிறோம் என்பதை எழுதி வைத்தல்

வெல்பவர் யார் என்பது ஒரு கேள்வி, வாக்கு விகிதம் எவ்வளவு என்பது மற்றொரு கேள்வி. இரண்டையும் குழப்பாமல் இருக்க, முதலில் ஒவ்வொரு அணியின் வாக்கு விகிதத்தையும், அதிலிருந்து முதல் இருவருக்கு இடையிலான வித்தியாசத்தையும், இறுதியாக வெற்றி வாய்ப்பையும் கணிப்பதாக முடிவு செய்துகொள்ளுங்கள். நேரடியாக வெற்றியாளரிலிருந்து தொடங்குபவர், தாம் ஏற்கெனவே நம்புவதற்கு ஏற்ற எண்களைத் தேடத் தொடங்கிவிடுகிறார்.

3. பழைய முடிவை இன்றைய எல்லைக்கு மாற்றுதல்

தொகுதியின் பெயர் அதேதான் என்பதால் உள்ளே இருக்கும் ஊர்களும் அவையே என்று எண்ணிவிடக் கூடாது. இந்தியாவில் 2008-ஆம் ஆண்டு மறுவரையறை நடைமுறைக்கு வந்தபோது, பழைய பெயரையே தாங்கிய பல தொகுதிகளின் உள்ளடக்கம் மாறியது. பிரிட்டனில் 2024 தேர்தலுக்கு முன் எல்லைகள் மாறியபோதும், 2019 முடிவுகளைப் புதிய எல்லைகளுக்கு மாற்றிக் கணக்கிட்ட பின்னரே ஒப்பீடு செய்ய முடிந்தது.

செய்ய வேண்டியது இதுதான்: இன்றைய எல்லைக்குள் வரும் வாக்குச்சாவடிகளை அடையாளம் கண்டு, அவற்றின் பழைய வாக்குகளை மட்டும் கூட்டுங்கள். சாவடி எண்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறக்கூடும் என்பதால் எண்ணை நம்பாமல் சாவடி அமைந்த இடத்தின் பெயரை வைத்துப் பொருத்துங்கள். தபால் வாக்குகள் சாவடிக் கணக்கில் சேராமல் தனியே நிற்கும். அவற்றையும் சேர்த்த பின் உங்கள் கூட்டுத்தொகை அறிவிக்கப்பட்ட மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். இந்தச் சரிபார்ப்புக்குப் பத்து நிமிடம் ஆகும், ஆனால் பல நாள் உழைப்பைக் காப்பாற்றும்.

அடிப்படையாகக் கொள்ள வேண்டியது கடந்த தேர்தலின் முடிவு. அந்தத் தேர்தலில் ஏதேனும் வழக்கத்துக்கு மாறாக நடந்திருந்தால், உதாரணமாகச் செல்வாக்குள்ள ஒருவர் சுயேச்சையாக நின்று வாக்குகளைப் பிரித்திருந்தால், அதற்கு முந்தைய தேர்தலோடு சேர்த்துச் சராசரி எடுக்கலாம். இடைத்தேர்தல் முடிவை அடிப்படையாகக் கொள்வதை நான் தவிர்த்துவிடுவேன். அங்கே வாக்காளர் கேட்டுக்கொள்ளும் கேள்வியும் கட்சிகள் காட்டும் முனைப்பும் வேறு.

4. கூட்டணி மாற்றத்தைக் கணக்கில் ஏற்றுதல்

இங்கேதான் மிகுதியானோர் சறுக்குகிறார்கள். இனி வரும் படிகள் முழுவதிலும் ஒரே எடுத்துக்காட்டைத் தொடர்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஒரு தொகுதியில் கடந்த முறை அ கட்சி 44 விழுக்காடு, ஆ கட்சி 38, இ கட்சி 12, மற்றவர்கள் 6 விழுக்காடு பெற்றார்கள் என்று கொள்வோம். இம்முறை இ கட்சி, ஆ கட்சியோடு கூட்டணி சேர்ந்து, தொகுதியை விட்டுக்கொடுத்துவிட்டது.

புதியவர் உடனே 38-உம் 12-உம் 50 என்று கூட்டி, ஆ அணி 6 புள்ளி முன்னிலை என்று எழுதிவிடுகிறார். கட்சித் தலைமை கையெழுத்திடுவதால் மட்டும் வாக்குகள் முழுமையாக இடம் மாறுவதில்லை. இ கட்சியின் வாக்காளரில் 60 விழுக்காட்டினர் ஆ அணிக்கும், 15 விழுக்காட்டினர் அ கட்சிக்கும், மீதி 25 விழுக்காட்டினர் மற்றவர்களுக்கும் செல்வதாக வைத்துக்கொண்டால், ஆ அணி 45.2, அ கட்சி 45.8, மற்றவர்கள் 9 என்று ஆகிறது. ஆறு புள்ளி முன்னிலை காணாமல் போய், அ கட்சி மயிரிழையில் முந்துகிறது. கணிப்பின் திசையையே மாற்றிவிடும் இந்த ஒரு விகிதத்தைத்தான் பலரும் நூறு என்று சிந்திக்காமல் எழுதுகிறார்கள்.

அந்த 60 விழுக்காட்டை எங்கிருந்து பெறுவது? இதே இரு கட்சிகள் முன்பு சேர்ந்து நின்ற தேர்தல் இருந்தால், தனித்தனியே பெற்ற வாக்குகளின் கூட்டுத்தொகையோடு சேர்ந்து பெற்றதை ஒத்த தொகுதிகளில் ஒப்பிடுங்கள். அப்படி ஒரு தேர்தல் இல்லையென்றால், இ கட்சியின் வாக்காளரிடம் இரண்டாவது விருப்பம் எது என்று கேட்ட கருத்துக்கணிப்பைத் தேடுங்கள். சாவடி எண்களிலிருந்து இதை ஊகிக்கும்போது எச்சரிக்கை தேவை. இ கட்சி வலுவாக இருந்த சாவடிகளில் ஆ அணி வளர்ந்தது என்பதாலேயே இ கட்சியின் வாக்காளரே மாறி வாக்களித்தார்கள் என்று ஆகிவிடாது. அதே சாவடியில் உள்ள வேறு வாக்காளர்கள் மாறியிருக்கவும் கூடும்.

விகிதத்தை 50, 60, 75 என்று மூன்று நிலைகளில் வைத்துப் பார்த்து, வித்தியாசம் எப்படி மாறுகிறது என்பதைத் தாளில் குறித்துவிட்டு மேலே செல்லுங்கள்.

5. வட்டார அளவிலான நகர்வைச் சேர்த்தல்

கடந்த தேர்தலுக்கும் இப்போதைக்கும் இடையே வட்டாரம் முழுவதும் ஒவ்வொரு அணியின் விகிதம் எத்தனை புள்ளி மாறியிருக்கிறது என்பதைக் கண்டு, அதைத் தொகுதியின் அடிப்படை எண்ணோடு சேர்க்க வேண்டும். ஸ்விங் என்று பேச்சில் சொல்லப்படுவது இதுவே. வாக்காளரின் மனமாற்றத்துக்கான பெரும் காரணங்கள், அதாவது ஆட்சி மீதான திருப்தி, விலைவாசி, தலைமை மீதான எண்ணம் முதலியவை, தொகுதி எல்லையில் நின்றுவிடுவதில்லை என்பதே இதற்கு அடிப்படை.

ஆனால் நான்காம் படியில் கூட்டணி மாற்றத்தை ஏற்கெனவே சேர்த்துவிட்டோம். இன்றைய கருத்துக்கணிப்பில் ஆ அணிக்குக் காட்டப்படும் விகிதத்திலும் இ கட்சியின் வாக்குகள் அடங்கியே இருக்கின்றன. எனவே வட்டாரத்தின் பழைய முடிவையும் அதே மாற்று விகிதத்தால் மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். வட்டாரத்தில் கடந்த முறை அ 41, ஆ 40, இ 11, மற்றவர்கள் 8 என்று கொள்வோம். 60, 15, 25 என்ற விகிதத்தில் பிரித்தால் ஆ அணி 46.6, அ கட்சி 42.65, மற்றவர்கள் 10.75. இன்றைய கருத்துக்கணிப்புகளின் சராசரி அ 41, ஆ அணி 48, மற்றவர்கள் 11. ஆகவே உண்மையான நகர்வு அ கட்சிக்கு 1.65 புள்ளி இறக்கம், ஆ அணிக்கு 1.4 புள்ளி ஏற்றம். தொகுதியில் சேர்த்தால் அ 44.15, ஆ அணி 46.6.

இந்த மாற்றத்தைச் செய்யாமல், ஆ கட்சியின் பழைய 40-ஐ இன்றைய 48-உடன் நேரே ஒப்பிட்டு 8 புள்ளியைக் கூட்டினால் தொகுதியில் 53.2 வந்துவிடும், இ கட்சியின் வாக்கு இருமுறை எண்ணப்பட்டிருக்கும். தாளில் மற்றவர்களின் பங்கு 1 விழுக்காட்டுக்குச் சுருங்கியிருப்பதைக் கண்டாவது அந்தப் பிழையை உணர வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு வரிசையிலும் மற்றவர்கள் என்ற கட்டத்தை விடாமல் நிரப்பச் சொல்கிறேன்.

நகர்வைப் புள்ளிகளாகக் கூட்டுவதா, விகிதாசாரமாகப் பெருக்குவதா என்ற கேள்வியும் எழும். வட்டாரத்தில் ஒரு கட்சி 40-இலிருந்து 28-க்கு இறங்கியிருக்க, உங்கள் தொகுதியில் அது பெற்றிருந்ததே 10 விழுக்காடு என்றால், 12 புள்ளியைக் கழித்தால் எண் சுழியத்துக்குக் கீழே போகும். விகிதாசாரப்படி 7 வரும். வட்டார நகர்வு சிறிதாகவும் தொகுதி வட்டாரச் சராசரியை ஒட்டியும் இருந்தால் இரு முறையும் ஏறக்குறைய ஒரே விடையைத் தரும். நகர்வு பெரிதாக இருக்கும்போது விகிதாசாரத்தின் பக்கம் சாய்வது நல்லது. 2024 பிரிட்டன் தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி தான் வலுவாக இருந்த இடங்களிலேயே கூடுதல் புள்ளிகளை இழந்தது.

6. வேட்பாளருக்கான திருத்தம்

கட்சிக்கு அப்பால் வேட்பாளருக்கென்று சொந்த வாக்கு இருக்கிறதா என்பதை எண்ணால் மதிப்பிட வேண்டும். அதே நிலப்பரப்பில் அவர் நின்ற தேர்தலில் கட்சி பெற்றதையும், அவர் நிற்காத வேறொரு தேர்தலில் கட்சி பெற்றதையும், வட்டாரச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகின என்ற கணக்கில் ஒப்பிடுங்கள். கிடைக்கும் புள்ளியில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது என் வழக்கம். ஒரே ஒரு ஒப்பீட்டில் தற்செயலின் பங்கும் கலந்திருக்கும்.

நம் எடுத்துக்காட்டில் அ கட்சியின் பழைய உறுப்பினர் இம்முறை போட்டியிடவில்லை. அவருக்கான சொந்த வாக்கு 2 புள்ளி என்று தெரிந்தால், பாதியாக 1 புள்ளியை அ கட்சியிலிருந்து கழித்து ஆ அணியில் சேர்ப்போம். அ 43.15, ஆ அணி 47.6. வித்தியாசம் 4.45 புள்ளி.

வேட்பாளர் பெயர் எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு 2015 பிரிட்டன் தேர்தலில் ஷெஃபீல்ட் ஹாலம் தொகுதி நல்ல சான்று. அங்கே நின்றவர் லிபரல் டெமாக்ரட் கட்சியின் தலைவர் நிக் கிளெக். பெயர் சொல்லாமல் கேட்ட ஒரு கணிப்பில் தொழிற்கட்சி மிகச் சிறிய அளவில் முந்தியது. வேட்பாளர்களின் பெயரைச் சொல்லிக் கேட்ட மற்றொரு கணிப்பில் கிளெக் 42-க்கு 35 என்று முந்தினார். இறுதியில் அவர் ஏறத்தாழ 40-க்கு 36 என்ற விகிதத்தில் வென்றார்.

7. வாக்குப்பதிவு அளவைச் சோதித்தல்

வாக்குப்பதிவு கூடினால் ஆட்சிக்கு எதிர்ப்பு என்பது போன்ற பொதுவிதிகளை ஒதுக்கிவிட்டுக் கணக்கைப் பாருங்கள். 2,40,000 வாக்காளர் கொண்ட தொகுதியில் 72 விழுக்காடு பதிவானால் 1,72,800 வாக்குகள், 4.45 புள்ளி வித்தியாசம் என்பது ஏறத்தாழ 7,690 வாக்குகள். பதிவு 75 விழுக்காடாக உயர்ந்தால் கூடுதலாக வருபவை 7,200. மற்ற வாக்குகள் மாறாமல் இருக்க, அந்தக் கூடுதல் வாக்குகள் ஒன்றுவிடாமல் அ கட்சிக்கே விழுந்தாலும் முடிவு மாறாது.

எனினும் நிகர உயர்வு சிறியது என்பதால் வாக்காளர் பட்டியல் மாறவில்லை என்று பொருளாகாது. இறந்தவர், இடம்பெயர்ந்தவர், முதன்முறை வாக்காளர் என உள்ளே நடக்கும் மாற்றம் நிகர உயர்வைவிடப் பெரிதாக இருக்கலாம். புதுக் குடியிருப்புகள் பெருகிய தொகுதியில், கடந்த முறைக்கும் இம்முறைக்கும் இடையே எந்தச் சாவடிகளில் வாக்காளர் எண்ணிக்கை கூடியது என்று பாருங்கள். சான்று இல்லாவிட்டால் இந்தப் படியில் எதையும் திருத்தாமல் கடப்பதே சரி.

8. பிழையின் அளவைக் கண்டு வெற்றி வாய்ப்பைச் சொல்லுதல்

இப்போது கையில் 4.45 புள்ளி என்ற ஒரு எண் இருக்கிறது. அது எவ்வளவு நம்பத்தக்கது என்பதை உணர்வால் சொல்லக் கூடாது. முதல் படியில் சேர்த்து வைத்த பதினைந்து இருபது தொகுதிகளை எடுத்து, இதே முறையைக் கடந்த தேர்தலுக்குப் பயன்படுத்தி, அந்தத் தேர்தலுக்கு முன் தெரிந்திருந்த தகவல்களை மட்டும் கொண்டு கணித்து, உண்மையான வித்தியாசத்தோடு ஒப்பிடுங்கள். பிழைகளை வர்க்கமாக்கிச் சராசரி எடுத்து வர்க்கமூலம் கண்டால் உங்கள் முறையின் வழக்கமான பிழை கிடைக்கும்.

அது 6 புள்ளி என்று வந்ததாகக் கொள்வோம். 4.45-ஐ 6-ஆல் வகுத்தால் 0.74, இயல்நிலைப் பரவல் (பிழைகள் மணி வடிவில் பரவுவதாகக் கொள்ளும் கணக்கு) அட்டவணையில் அதற்குரிய நிகழ்தகவு 77 விழுக்காடு. எக்செலில் இதற்கான சார்பு ஆயத்தமாகவே உண்டு. வழக்கமான பிழையை 3 என்று சோதிக்காமல் எழுதியிருந்தால் வாய்ப்பு 93 விழுக்காடு என்று வந்திருக்கும். முன்னிலை அதுவேதான், தன் முறையைத் தானே சோதிக்காததால் மட்டும் பதினாறு விழுக்காடு போலி உறுதி கிடைத்திருக்கும்.

மும்முனைப் போட்டியாக இருந்தால் இரு அணிகளின் வித்தியாசம் போதாது. ஒவ்வொரு அணியின் விகிதத்தையும் அதன் பிழை அளவுக்குள் தற்செயலாக மாற்றிப் பல்லாயிரம் முறை கணக்கிட்டு, எத்தனை முறை யார் முதலிடம் பெறுகிறார் என்று எண்ணுங்கள். ஒருவர் இறங்கும்போது மற்றவர் ஏற வேண்டும், கூட்டுத்தொகை 100 ஆகவே இருக்க வேண்டும் என்பதை அதில் உறுதிசெய்யுங்கள்.

9. தொகுதிக் கருத்துக்கணிப்பு இருந்தால் அதைக் கலத்தல்

தொகுதியில் எடுத்த கணிப்பு ஒன்று கிடைத்ததும் முந்தைய எட்டுப் படிகளையும் தூக்கி எறிந்துவிடும் ஆவல் வரும். 600 பேரிடம் எடுத்த கணிப்பில் அ கட்சி 46, ஆ அணி 44 என்று வந்திருக்கட்டும். தனி ஒருவரின் விகிதத்துக்கான பிழை எல்லை 4 புள்ளி என்று அறிக்கையில் இருக்கும். ஆனால் இருவருக்கு இடையிலான வித்தியாசத்துக்கான எல்லை அதைப் போல ஏறத்தாழ இருமடங்கு, அதாவது 7.6 புள்ளி. ஒருவர் இழந்த வாக்கு பெரும்பாலும் மற்றவரிடமே சேர்வதுதான் காரணம்.

அதுவும் மாதிரியை முழுவதும் சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தால் மட்டும். அமெரிக்காவில் 1998 முதல் 2014 வரை மாநில அளவில் நடந்த 608 தேர்தல்களுக்கான 4,221 கணிப்புகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு, உண்மையான பிழை அறிவிக்கப்படும் எல்லையைப் போல ஏறத்தாழ இருமடங்கு என்று கண்டது. எட்டாம் படியின் வழக்கமான பிழையோடு ஒப்பிட வேண்டியது 7.6 என்ற எல்லையை அல்ல, அதில் ஏறத்தாழப் பாதியான 3.87-ஐ. ஆகவே வித்தியாசத்துக்கான இந்தக் கணிதப் பிழை 3.87-ஐ இரட்டித்து 7.75 என்று வைத்துக்கொள்கிறேன்.

இரண்டு மதிப்பீடுகளையும் பிழையின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் எடையிட்டுக் கலக்க வேண்டும். நம் முறைக்கு எட்டில் ஐந்து பங்கு, கணிப்புக்கு எட்டில் மூன்று பங்கு வருகிறது. ஆ அணிக்கு 4.45 முன்னிலை, கணிப்பில் 2 புள்ளி பின்னடைவு. கலந்தால் ஆ அணிக்கு ஏறத்தாழ 2 புள்ளி முன்னிலை. கலந்தபின் பிழை 4.7, வாய்ப்பு 67 விழுக்காடு. கணிப்பு அ கட்சியை முன்னே காட்டியபோதும் ஆ அணிக்கே கூடுதல் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அந்த வாய்ப்பு 77-இலிருந்து பத்துப் புள்ளி குறைந்திருக்கிறது. வட்டாரக் கணிப்பையும் தொகுதிக் கணிப்பையும் ஒரே நிறுவனம் எடுத்திருந்தால் இரண்டிலும் ஒரே சாய்வு இருக்கக்கூடும் என்பதால் தொகுதிக் கணிப்புக்கான எடையை மேலும் குறையுங்கள்.

கணிப்பை நீங்களே எடுப்பதாக இருந்தால், வாக்குச்சீட்டில் உள்ளபடி வேட்பாளர் பெயரையும் கட்சியையும் சேர்த்துக் கேளுங்கள். சாவடிகளை முதலில் குலுக்கலில் தேர்ந்து, பிறகு ஒவ்வொரு சாவடியின் வாக்காளர் பட்டியலிலிருந்து ஆட்களைத் தேருங்கள். வீதியில் நின்று எதிர்ப்படுவோரிடம் கேட்டால் வீட்டில் இருப்பவர்கள் விடுபடுவார்கள். கல்வி நிலையையும் கேட்டுப் பதிவு செய்யுங்கள். 2016 அமெரிக்கத் தேர்தலில் பல மாநிலக் கணிப்புகள் தவறியதற்கு, பட்டதாரிகள் மாதிரியில் மிகுந்திருந்ததைச் சரிசெய்யாததும் ஒரு காரணமாகக் கண்டறியப்பட்டது.

10. கள நிலவரத்தைக் கடைசியில் கேட்டல்

புதியவர் ஒருவர் தாளில் எல்லாவற்றையும் சீராகச் செய்து முடித்திருந்தார். மறுநாள் ஒரு வேட்பாளரின் கூட்டத்துக்குச் சென்றுவந்து, கூட்டம் பெரிதாக இருந்தது என்று அந்த அணிக்கு 5 புள்ளியைக் கூட்டிவிட்டார். காரணம் எழுதும் கட்டம் வெறுமையாக இருந்ததைச் சுட்டிக்காட்டினேன். என்ன எழுதுவது என்று நெடுநேரம் யோசித்துவிட்டு, தாமே அந்த எண்ணை அழித்தார்.

கூட்டத்துக்கு வருபவர்கள் ஏற்கெனவே முடிவெடுத்தவர்கள். அழைத்துவரப்பட்டவர்களும் அவர்களிடையே இருப்பார்கள். கட்சியின் பூத் பொறுப்பாளர் சொல்வது மேலிடத்துக்குச் சொல்ல வேண்டியதாகவே இருக்கும். களத்தில் கேட்க வேண்டியது வெல்பவர் யார் என்பதை அல்ல. உங்கள் தாளில் உள்ள அனுமானங்களைச் சோதிக்கும் கேள்விகளை. இ கட்சியின் தொண்டர்கள் ஆ அணிக்காக வேலை செய்கிறார்களா, வாய்ப்புக் கிடைக்காதவர் போட்டி வேட்பாளராக நிற்கிறாரா, குறிப்பிட்ட பகுதியில் பெரிய உள்ளூர்ப் பிரச்சினை உண்டா என்று கேளுங்கள். விடையைக் கொண்டு நான்காம் படியின் மாற்று விகிதத்தையோ ஆறாம் படியின் திருத்தத்தையோ மட்டும் மாற்றுங்கள். இறுதி எண்ணை நேரடியாகத் தொடாதீர்கள். மொத்தத்தில் 2 புள்ளிக்கு மேல் மாற்றுவதில்லை என்று முன்கூட்டியே எல்லை வகுத்துக்கொள்வது நல்லது.

11. பூட்டி வைத்தல், வெளியிடுதல், பின்னர் மதிப்பிடுதல்

வாக்குப்பதிவுக்கு முன் ஒரு தேதியில் தாளைப் பூட்டி ஒரு நகலை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். வெளியிடுவதாக இருந்தால் அந்நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். இந்தியாவில் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு, வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகளை (வாக்களித்துவிட்டு வருபவர்களிடம் கேட்டு எடுப்பவை) தேர்தல் ஆணையம் அறிவிக்கும் காலத்துக்குள் வெளியிடத் தடை விதிக்கிறது.

வெளியிடும்போது விகிதம், வித்தியாசம், வெற்றி வாய்ப்பு ஆகிய மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். வித்தியாசம் மிகச் சிறிதாக முடியும் தொகுதிகள் உண்டு. தமிழ்நாட்டின் ராதாபுரத்தில் 2016-இல் 49 வாக்குகளும், ராஜஸ்தானின் நாத்வாராவில் 2008-இல் ஒரே ஒரு வாக்கும் வெற்றியைத் தீர்மானித்தன. அத்தகைய முடிவை எந்த முறையாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 50-ஐ ஒட்டிய வாய்ப்பைச் சொல்லியிருந்தால் அதுவே சரியான கணிப்பு.

முடிவு வந்ததும் முதலில் விகிதங்களை ஒப்பிடுங்கள், பிறகு வெற்றியாளரை. நீங்கள் சொன்ன நிகழ்தகவை முடிவிலிருந்து (நடந்தால் 1, நடக்காவிட்டால் 0) கழித்து வர்க்கமாக்கினால் பிரையர் மதிப்பெண் கிடைக்கும். 0.67 என்று சொன்ன அணி வென்றால் 0.11, தோற்றால் 0.45. எப்போதும் 50 என்றே சொல்பவருக்கு 0.25. ஒரு தொகுதியின் மதிப்பெண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பத்து இருபது கணிப்புகள் சேர்ந்த பிறகு உங்கள் சராசரி 0.25-க்குக் கீழே நிற்கிறதா என்று பாருங்கள். அதற்குள் ஒவ்வொரு தாளிலும் வரிசை வரிசையாகச் சென்று, மாற்று விகிதம் தவறியதா, நகர்வு தவறியதா, வேட்பாளர் திருத்தம் தவறியதா என்று வாக்குச்சாவடி முடிவுகளோடு ஒப்பிட்டு, அந்தந்தக் கட்டத்துக்கு அருகிலேயே சரியான எண்ணை வேறு நிறத்தில் எழுதி வையுங்கள்.